அடுக்குச் செம்பருத்தி

இந்த சீட்டுக்கு யாரும் வாறாகளாம்மா? இல்லைல. அப்ப அந்தப் பையக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கோங்க, நான் உக்காந்துக்கிறேன். அப்பாடா. ராஜபாளையத்துல இருந்து நின்னுக்கிட்டே வாறேன். ஒருத்தன் எந்திரிக்கணுமே! எல்லாவனும் போனுக்குள்ள தலைய விட்டுட்டு உக்காந்திருக்கான்.

மடியில என்னது, ரெக்கார்டு நோட்டா? மகளுதா? பத்தாப்பா. சரிதான், மறந்து வச்சிட்டுப் போயிருச்சாக்கும், அம்மா பஸ் ஏறிக் கொண்டு போறீக. குடுங்களேன், ஒரு பார்வ பாத்துட்டுத் தந்துர்றேன். பயப்படாதீக, கை சுத்தமாத்தான் இருக்கு.

ம். இதயம் பரவால்ல. இலையோட குறுக்குவெட்டு நல்லாவே இருக்கு. உள்ளதச் சொல்லுங்க, இது உங்க மக வரைஞ்சதா? நான் யார்ட்டயும் சொல்லப் போறதில்ல. சிரிக்கீக பாத்தீகளா! எனக்குப் பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. எழுத்து ஒரு கை, படம் ஒரு கை. வேற எவளோ வரைஞ்சு குடுத்திருக்கா.

அந்தப் பிள்ளை பேரென்ன? தெரியாதா. தெரியாதுல்ல? அதத்தான் சொல்ல வாறேன். வரைஞ்சு குடுக்கிறவ பேரு யாருக்கும் தெரியாதும்மா. எனக்கு வயிறு எரியும், கேட்டீகளா. நானும் அப்படி வரைஞ்சு குடுத்தவதான். ஒண்ணு ரெண்டு இல்ல, முப்பத்தெட்டு நோட்டு.

இன்னைக்கும் அதே பிழைப்புத்தான். ஆரி ஒர்க்குக்கு ரவிக்கையில டிசைன் வரைஞ்சு குடுக்கிறேன். மயிலு, மாங்கா, கொடி, என்ன கேட்டாலும் கையாலயே போடுவேன். அதுமேல தையக்காரப் பிள்ளைக பாசி கோத்துக் குடுக்கும். கல்யாண வீட்டுல எல்லாரும் 'தைச்சது யாரு'ன்னு கேப்பாக. வரைஞ்சது யாருன்னு ஒரு ஆளு கேட்டிருக்கணுமே. வீட்டுக்காரரு சூரத்துல முறுக்குக் கடையில இருக்காரு, வருசத்துக்கு ஒருக்கா வருவாரு. மக சென்னையில ஹாஸ்டல்ல. வீட்டுல நானும் டிவியும்தான். அதான் வெளிய வந்தா வாய் தன்னால திறந்துக்கிடுது. தப்பா எடுத்துக்காதீக.

நான் ஒம்பதாப்புல பாதியில வந்து சேந்தவ. எங்கப்பாவுக்கு மில்லுல ஃபிட்டர் வேலை. இந்தப் பக்கம் வேலை கிடைச்சதும் சட்டி பானையக் கட்டிக்கிட்டு வந்துட்டோம். காலாண்டுப் பரீட்சை லீவு முடிஞ்சு திறந்த அன்னைக்குத்தான் கேர்ள்ஸ் ஸ்கூல்ல என்னைச் சேத்தாக. அதுக்குள்ள அந்தக் கிளாஸ்ல யாருக்கு யாரு சேக்காளிங்கிறது முடிவாகிப்போச்சு. எனக்குன்னு ஒருத்தியும் மிச்சமில்ல.

மத்தியானம் பெல் அடிச்சா வாதாமரத்தடியில வட்டம் வட்டமா உக்காந்து சாப்பிடுவாளுக. ஒரு வட்டத்துக்கு அஞ்சு பேரு, ஆறு பேரு. நான் டிபன் பாக்ஸத் தூக்கிக்கிட்டுப் போய்ப் பக்கத்துல நிப்பேன். இடம் இல்லைன்னு ஒருத்தியும் சொல்லமாட்டா. முழங்கால நகத்தி நகத்திப் பக்கத்துல இருக்கிறவ முழங்காலோட ஒட்டிக்கிடுவா. அவ்வளவுதான். நானும் ஏதோ குழாய்க்குப் போறவ மாதிரி தாண்டிப் போயிருவேன்.

அங்கிட்டு ஒரு தண்ணித்தொட்டி இருந்துச்சு. அதுக்கு நாலு படி. அந்தப் படியில உக்காந்து ஒத்தையில சாப்பிடுவேன். உலகு இருப்பா. அது கணக்குல வராது.

உலகுன்னா உலகம்மாள். கடைசி பெஞ்சுல என் பக்கத்துல இருந்தவ. ஒம்பதாப்புல அவளுக்கு அது ரெண்டாவது வருசம். நெட்டையா இருப்பா, மூக்கால பேசுவா. பெயிலானவகூட யாரும் சேரமாட்டாளுகல்ல, அதனால அவ பக்கத்துலதான் இடம் காலியா இருந்துச்சு. டீச்சர் என்னைக் கொண்டு போய் அங்க உக்கார வச்சுட்டாக. நீங்களே சொல்லுங்க, புதுசா வந்த பிள்ளையப் பெயிலானவ பக்கத்துல வச்சா, நானும் பெயிலானவன்னுதானே நினைப்பாளுக? எனக்கு மார்க்கு வேண்டாம், பரிசு வேண்டாம். அந்த வட்டத்துல ஏதாவது ஒண்ணுல என் முழங்காலுக்கும் ஒரு இடம் வேணும். ராத்திரி சாமி கும்பிட்டா அதத்தான் கேப்பேன்.

சாமி எந்த வழியா குடுத்துச்சு தெரியுமா? டிராயிங் பீரியடு வழியா.

வியாழக்கிழமை கடைசி பீரியடு டிராயிங். பேருக்குத்தான். கணக்கு டீச்சர் வந்து 'போர்ஷன் முடியல'ன்னு பிடுங்கிக்கிடுவாக. டிராயிங் டீச்சர் ஜெபமணி டீச்சர் சாக்பீஸ் டப்பாவோட வாசல் வரைக்கும் வந்து நின்னு பாத்துட்டு, பேசாமத் திரும்பிப் போவாக. அந்த வருசம் பாருங்க, கணக்கு டீச்சருக்குப் பிள்ளை பிறந்துச்சு. மூணு மாசம் லீவு. அதுக்குப் பதிலா யாரும் வரல. ஜெபமணி டீச்சருக்கு வாரத்துக்கு மூணு பீரியடு கிடைச்சுப்போச்சு. அந்தப் பச்சப்பிள்ளை புண்ணியத்துலதான் நான் வரையப் படிச்சேன்.

முதல் நாளு மேசையில ஒரு பித்தளைச் செம்பத் தூக்கி வச்சாக. 'வரைங்க'ன்னுட்டு உக்காந்துட்டாக. எனக்குக் கத்திரிக்கா மாதிரி வந்துச்சு. உலகு என்னத்தப் போட்டான்னு அவளுக்கே தெரியல. டீச்சர் ஒவ்வொண்ணாப் பாத்துட்டு, 'செம்போட வாய எல்லாரும் வட்டமாப் போட்டிருக்கீகளே, இங்க இருந்து பாத்தா வட்டமாவா தெரியுது? வட்டம்னு உங்களுக்குத் தெரிஞ்சத வரையாதீக. கண்ணுக்குத் தெரியிறத வரைங்க'ன்னாக. தெரிஞ்சது வேறயாம், தெரியிறது வேறயாம். எனக்கு ஒண்ணும் விளங்கல. அப்புறம் என் பின்னால வந்து நின்னு, என் கைய நீட்டச் சொல்லி, பென்சில நிமித்திப் பிடிச்சு, ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு, கட்டைவிரல நகத்தி அளக்கச் சொன்னாக. செம்போட அகலம் ஒரு பென்சில்ல இம்புட்டு. வாயோட உயரம் அதுல கால்வாசி கூட இல்ல. அடி ஆத்தி, வட்டம் படுத்துக்கிடக்கு! நான் அதுவரைக்கும் ஒரு செம்பக்கூட ஒழுங்காப் பாத்ததில்லைன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

ரப்பர் வச்சிருக்கக் கூடாது. கண்டா சன்னல் வழியா வீசிருவாக. 'கோடு தப்பாப் போனா போகட்டும். அழிக்காத. பக்கத்துலயே சரியான கோட்டப் போடு'ம்பாக. நான் விடல. வீட்டுக்கு வந்தா அம்மாவோட அம்மி, அப்பா செருப்பு, கொடியில தொங்குற சட்டை, ஒண்ணையும் விடல. அந்தச் செருப்ப மட்டும் இருபது தடவ போட்டிருப்பேன். அம்மா தலையில அடிச்சுக்கிட்டா. எனக்கு வேற என்ன வேலை? விளையாடக் கூப்பிட ஆளிருந்தா நான் ஏன் செருப்ப வரையிறேன்? ஒத்தையில கிடந்தவளுக்குக் கை சீக்கிரமாப் படிஞ்சுபோச்சு. நிழலு எங்க விழுது, எங்க கறுப்பு, எங்க லேசுன்னு எல்லாம் தன்னால வந்துச்சு.

ஒருநாளு, பக்கத்துல இருக்கிறவ கைய வரையணும்னு சொன்னாக. உலகு தன் வலது கைய பெஞ்சு மேல வச்சா. ரெண்டு பீரியடு அப்படியே வச்சிருந்தா. நடுவுல ஒரு கட்டெறும்பு மணிக்கட்டுல ஏறிக் கடிச்சிருச்சு. உதட்டக் கடிச்சுக்கிட்டு இருக்கா, கைய எடுக்கல. 'தட்டி விடேன்ட்டி'ன்னேன். 'அசைஞ்சா உனக்குத் தப்பாயிரும்ல'ன்னா. நல்லா அசையாம இருந்தா, அதச் சொல்லணும். எனக்கு வரைய வசதியா இருந்துச்சு.

விரல் கணுவுல இருந்த சுருக்கம், சுண்டுவிரல் நகத்துக்குக் கீழ ஒரு சின்னத் தழும்பு, ஒண்ணு விடாமப் போட்டேன். ஜெபமணி டீச்சர் அத எடுத்து ரொம்ப நேரம் பாத்தாக. மறுநாளு பாத்தா எச்.எம். ரூம் வாசல்ல இருக்கிற போர்டுல ஒட்டியிருக்கு. கீழ என் பேரு, சண்முகவடிவு, ஒம்பது பி. எனக்கு ரெண்டு காலும் தரையில இல்லம்மா.

அதுலயும் அந்த உலகு பண்ணின கூத்தப் பாருங்க. போற வாறவளையெல்லாம் பிடிச்சு நிறுத்தி, 'என் கை, பாத்தியா, என் கை'ன்னு காட்டுறா. எனக்கு வந்துச்சே ஆத்திரம். வரைஞ்சது யாரு? போர்டுல பேரு யாருது? இவ சும்மா கைய நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தவ. இவளுக்கு என்ன அதுல பங்கு? மனசுல குறிச்சு வச்சுக்கிட்டேன்.

அந்த வாரந்தான் பானுரேகா என்கிட்ட வந்தா. பானுரேகாதான் கிளாஸ் லீடரு. பெரிய வட்டமே அவ வட்டந்தான். அறிவியலுக்குப் படநோட்டுன்னு ஒண்ணு தனியா உண்டு எங்களுக்கு, கோடு போடாத நோட்டு. அதக் கொண்டாந்து நீட்டி, 'வடிவு, எனக்கு அமீபா போட்டுத் தாறியா'ன்னா. பேரச் சொல்லிக் கூப்பிட்டாம்மா! அதுவரைக்கும் நான் 'ஏ புதுப்பிள்ள'தான். அமீபா வரைய என்ன வித்தை வேணும்? கீழ கொட்டின காப்பியப் பாத்துப் போட்டாலும் அமீபாதான். ஆனா நான் அதையும் கண்ணுல ஒத்திக்கிட்டு வரைஞ்சு குடுத்தேன். அன்னைக்கு மத்தியானம் அவ முழங்கால நகத்தினா. எனக்கு இடம் கிடைச்சிருச்சு.

அப்புறம் என்ன, வரிசை கட்டி வந்துட்டாளுக. கிளாஸ்ல நாப்பது பேரு. என்னையும் உலகையும் கழிச்சா முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு பேரும் சேக்காளி! மண்புழு, கரப்பான்பூச்சி, தவக்களை, ஒண்ணு பாக்கி இல்ல. அவளுக பேசுற டியூசன் கதை, தெருக்கதை ஒண்ணும் எனக்கு விளங்காது. எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். ஒரு கையால சாப்பிடுவேன், ஒரு கையால நோட்டப் பிடிச்சுக்குவேன். இருந்தாலும் இடம் இடந்தானே?

உலகு தண்ணித்தொட்டிப் படியில தனியா இருப்பா. எப்பவாவது இங்கிட்டுப் பாப்பா. நான் பாக்காத மாதிரி இருந்துக்குவேன். அவளுக்கென்ன, பழக்கப்பட்டவதானே.

பாவம்னு நானே ஒருநாளு கேட்டேன். 'உன் நோட்டையும் குடுட்டி, போட்டுத் தாறேன்'னு. 'வேண்டாம், உனக்குக் கை வலிக்கும். நானே எப்படியாச்சும் போட்டுக்கிறேன்'னுட்டா. எம்புட்டுத் திமிரு பாத்தீகளா! ஸ்கேல் வச்சாலும் கோடு கோணும். திமிருக்குக் குறைச்சல் இல்ல.

பொங்கல் லீவு முடிஞ்சு வந்தா, இன்ஸ்பெக்‌ஷன்னு சொல்லிட்டாக. பெரிய ஆபீசரு வந்து நோட்டெல்லாம் பாப்பாராம். சயின்ஸுக்கு இந்திராணி டீச்சர். அவுக வாறாகன்னா வராண்டாவுல ஒருத்தியும் நிக்கமாட்டா. 'செம்பருத்திப் பூவும் அதன் பாகங்களும். முழுப் பக்கம். கலர் குடுக்கணும். அஞ்சு நாள்ல எல்லா நோட்டும் என் மேசையில இருக்கணும்'னாக. சாயங்காலத்துக்குள்ள முப்பத்தெட்டு நோட்டும் என் வீட்டுக்கு வந்திருச்சு.

புத்தகத்துல படம் இருந்துச்சு. தீப்பெட்டி அளவுக்குச் சின்னது, மசி அப்பிக் கிடந்துச்சு. அதப் பாத்துப் போட்டா அது ஈயடிச்சான் காப்பி. நான் யாரு, ஜெபமணி டீச்சர்ட்ட படிச்சவ! பூவ முன்னால வச்சுத்தான் போடுவேன். நாங்க குடியிருந்த வீட்டுக்காரம்மா தோட்டத்துல செம்பருத்தி பூத்துக்கிடந்துச்சு. ஒண்ணக் காம்போட ஒடிச்சு டம்ளர்ல வச்சேன். அது அடுக்குச் செம்பருத்தி. உங்களுக்குத் தெரியும்ல, இதழுக்கு மேல இதழா, உருண்டையா இருக்கும். எண்ணி எண்ணிப் போட்டேன், இருபத்தேழு இதழு. காம்புல ஒரு இலைய ஓரத்துல பூச்சி அரிச்சிருந்துச்சு. அதையும் விடல. கண்ணுக்குத் தெரியிதுல்ல!

ரெண்டாவது நாளு கிளாஸ்ல வச்சு வரையிறேன், உலகு எட்டிப் பாத்தா.

'ஏட்டி வடிவு, இது அடுக்குச் செம்பருத்தில்ல?'

'செம்பருத்திதானே கேட்டாக.'

'பாடத்துல உள்ளது ஒத்தச் செம்பருத்திட்டி. அஞ்சே அஞ்சு இதழு. நடுவுல குழலு நீட்டிக்கிட்டு இருக்கும், அதுலதான் மகரந்தம். இதுல குழலே தெரியல, பாகம் எங்க குறிப்ப? போன வருசம் நானும் இதத்தான் போட்டேன். இந்திராணி டீச்சர் வெளுத்து எடுத்துட்டாக.'

'வாய மூடு. உனக்கு வரையத் தெரியுமா?'

மறுநாளு டிபன் மூடியில தண்ணி ஊத்தி, ஒரு ஒத்தச் செம்பருத்திய மிதக்கவிட்டுக் கொண்டாந்தா. எங்கிருந்தோ பறிச்சு, சிந்தாம நடந்தே கொண்டாந்திருக்கா. 'இதப் பாத்துப் போட்டுருட்டி'ன்னா. பெயிலானவ எனக்குப் பாடம் எடுக்கா! அதுவுமில்லாம அதுக்குள்ள பதினாறு நோட்டு முடிச்சிட்டேம்மா. பதினாறு பேர்ட்ட போய், 'நான் தப்பாப் போட்டுட்டேன்'னு சொல்லவா? சொன்னா மத்தியானம் யாரு எனக்கு இடம் விடுவா? அந்தப் பூவ வாங்கி பெஞ்சு ஓரத்துல வச்சேன். மத்தியானத்துக்குள்ள சுருண்டுபோச்சு.

மிச்சம் இருபத்திரண்டையும் அடுக்காவே முடிச்சேன். பாகம் குறிக்கிறது அவளவ வேலை. புத்தகத்தப் பாத்து மகரந்தத்தாள், சூல்முடின்னு அம்பு போட்டுக்கிட்டாளுக. அம்பு எங்க போய்க் குத்துதுன்னு ஒருத்தியும் பாக்கல.

இந்திராணி டீச்சர் முதல் நோட்டப் பிரிச்சாக. பானுரேகா நோட்டு. புருவத்தச் சுருக்கினாக. ரெண்டாவதப் பிரிச்சாக. மூணாவது. நாலாவது. பத்துக்கு மேல பிரிக்கக்கூட இல்ல, சும்மா புரட்டினாக. எல்லாத்துலயும் அடுக்குச் செம்பருத்தி. ஒரே சாய்வு, ஒரே காம்பு, பூச்சி அரிச்ச அதே இலை! இப்ப நினைச்சாச் சிரிப்பு வருது. அன்னைக்கு எனக்கு மூத்திரம் முட்டிக்கிட்டு வந்துச்சு.

எந்திரிச்சுப் போய் பீரோவத் திறந்து பிரம்ப எடுத்தாக. மேசையில ஓங்கி ஒரு தட்டு. 'நாளைக்கழிச்சு ஆபீசரு வாறாரு. யாருடி வரைஞ்சது? மரியாதையா எந்திரிச்சுரு.'

ஒருத்தியும் எந்திரிக்கல. எந்திரிக்கணும்னுதான் நினைக்கிறேன், காலு வரணும்ல? பானுரேகா மெதுவாத் தலையத் திருப்பி என்னையப் பாக்கா. அவ பாத்ததும் இன்னும் ரெண்டு பேரு திரும்புறாளுக.

அப்பத்தான் பக்கத்துல பெஞ்சு கிரீச்சுன்னுச்சு. உலகு எந்திரிச்சு நிக்கா.

'நான்தான் டீச்சர். எல்லாருக்கும் நான்தான் போட்டுக் குடுத்தேன்.'

'ரெண்டு வருசமாப் படிச்சும் புத்தி வரலயா உனக்கு? போன வருசம் வாங்கினது பத்தலயா? வா இங்க. நீட்டு கைய.'

போனா. வலது கைய நீட்டினா. சுளீர் சுளீர்னு ரெண்டு. அவ ஒண்ணும் மாத்திச் சொல்லல.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க! நெஞ்சு கொதிச்சுப்போச்சு. விரல் கன்னிப்போக உக்காந்து முப்பத்தெட்டு நோட்டு வரைஞ்சவ நான். கோடு போடத் தெரியாத ஒருத்தி எந்திரிச்சு 'நான்தான்'ங்கா. போர்டுல என் படத்தக் காட்டி 'என் கை, என் கை'ன்னா, பொறுத்துக்கிட்டேன். இதையுமா விடுவேன்? அதுவரைக்கும் வராத காலு எப்படித்தான் வந்துச்சோ, எந்திரிச்சுட்டேன். 'பொய் டீச்சர்! அவளுக்குக் கோடே போட வராது. எல்லாம் என் படம். அத்தனையும் நான் வரைஞ்சது!'ன்னு கத்தினேன்.

கிளாஸே கொல்லுன்னு சிரிச்சுச்சு. இந்திராணி டீச்சர் உலகோட நோட்டத் தேடி எடுத்தாக. கோணல் மாணலா அஞ்சு இதழு, நடுவுல விளக்குமாத்துக் குச்சி மாதிரி ஒரு குழலு. 'பாக்கச் சகிக்கல. ஆனா நாப்பதுல இது ஒண்ணுதான் சரி'ன்னாக. எனக்கு நாலு அடி. பொய் சொன்னதுக்கு உலகுக்கு இன்னும் ரெண்டு, அதே கையில. மத்த எல்லாரும் நோட்டு மொத்தத்தையும் முதல்ல இருந்து அவளவளே வரையணும், ரெண்டே நாள்ல.

அன்னைக்கு மத்தியானம் நான் வாதாமரத்தடிக்குப் போனேன். பானுரேகா முழங்காலக்கூட நகத்தல. 'இடம் இல்ல வடிவு'ன்னு வாயாலயே சொல்லிட்டா.

மறுநாளு தண்ணித்தொட்டிப் படியில உக்காந்திருக்கேன், உலகு டிபன் பாக்ஸோட வந்து நிக்கா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, 'என் பேரத் தட்டிட்டுப் போகப் பாத்தவகூட உக்காந்து எனக்குச் சோறு இறங்காது. போ'ன்னேன். 'நான் அதுக்குச் சொல்லலட்டி'ன்னா. 'வேற எதுக்குச் சொன்ன?'ன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லாமப் போயிட்டா. பதில் இருந்தாத்தானே சொல்லுவா? மறுவாரம் டீச்சர்ட்ட கேட்டு வேற பெஞ்சுக்குப் போயிட்டா. முழுப்பரீட்சையோட படிப்ப நிறுத்திட்டு, தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போறான்னு சொன்னாக.

ஜெபமணி டீச்சருக்கும் விசயம் போயிருச்சு. ஒரு நோட்டக் கொண்டுவரச் சொல்லி அந்தப் பூவப் பாத்தாக. 'படம் சரியாத்தான் இருக்கு வடிவு. நீதான் சரியில்ல'ன்னாக. அதுக்கு என்ன அர்த்தம், சொல்லுங்க பாப்போம்? கண்ணுக்குத் தெரியிறத வரைன்னு சொன்னதே அவுகதானே? எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல.

பத்தாப்பு முழுசும் அதே படியில ஒத்தையிலதான் சாப்பிட்டேன். அந்த ஒரு வருசத்த நான் எப்படித் தள்ளினேன்னு எனக்குத்தான் தெரியும். ரொம்பக் கொடுமைம்மா. முதல்ல ஒத்தையில இருந்தது இம்புட்டுக் கொடுமையா இல்ல. ஏன்னு தெரியல. சோத்த அள்ளி வாயில வச்சா அழுகை வரும். பாதியக் காக்காய்க்குப் போட்டுட்டு வந்துருவேன். அதுக்கப்புறம் எத்தனையோ ஊரு, எத்தனையோ பேரு, வருவாக, வரைஞ்சு வாங்குவாக, போவாக. எனக்குன்னு ஒரு சேக்காளி அமையவே இல்ல. அமைய இருந்த நேரத்துல அந்த உலகு பேராசைப்பட்டுக் கெடுத்துட்டா. அவ எந்திரிக்கலைன்னா நானும் எந்திரிச்சிருக்க மாட்டேன்ல?

என்னம்மா? சத்தமாச் சொல்லுங்க, பஸ் இரைச்சல்ல கேக்கல. பிரம்பா? ஆமா, பிரம்பு டீச்சர் கையிலதான் இருந்துச்சு. முதல்லயே எடுத்துத் தட்டிட்டுத்தானே கேட்டாக. நான்தான் சொன்னேனே.

அடி விழும்னு அவளுக்குத் தெரியுமாவா?

தெரியாம என்ன. போன வருசம் அதே பூவுக்கு அடி வாங்கினவதானே. தெரியும். படம் தப்புன்னும் தெரியும். எனக்கு முன்னாலயே அவளுக்குத்தான் தெரியும். பேரு வாங்கத்தான் எந்திரிச்சா. வேற எதுக்கு? தப்பான படத்துக்கு, பிரம்பு கையில இருக்கும்போது, பேரு வாங்க எவளாவது...

இல்லம்மா, நீங்க அவளப் பாத்ததில்ல. அவ திமிரு பிடிச்சவ. அவ வந்து...

இருங்க. கொஞ்சம் இருங்க.

மறுநாளு தண்ணித்தொட்டிக்கு வந்தான்னு சொன்னேன்ல. டிபன் பாக்ஸ இடது கையில பிடிச்சிருந்தா. வலது கைய தாவணிக்குள்ள விட்டிருந்தா. வீங்கிப்போயிருந்துச்சு. நான் பாத்தேம்மா. பாக்காம இல்ல. அந்தக் கையால அவ சோத்தப் பிசைஞ்சு சாப்பிட முடியாதுன்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சுக்கிட்டேதான் 'போ'ன்னேன்.

இருபத்தெட்டு வருசமா இத எத்தனை பேர்ட்ட சொல்லியிருப்பேன். எல்லாரும், 'ச்சே, என்ன பிள்ளை அவ'ன்னுதான் சொன்னாக. நான் சொல்ற மாதிரி சொன்னா வேற என்ன சொல்லுவாக? ஒருத்தரும் நீங்க கேட்டதக் கேக்கலயே. நானும் கேக்கலயே.

எனக்கு ஒருத்தி இருந்திருக்காம்மா. நான் ஒத்தையில இல்ல. ஒருத்தி பக்கத்துலயே இருந்திருக்கா.

எந்த ஊர்ல இருக்காளோ. என்னன்னு சொல்லித் தேடுவேன்? அவ வீடு எந்தத் தெருன்னு கூட எனக்குத் தெரியாது. ஒருநாளும் நான் கேட்டதில்ல.